செடாரை எறிகிறோம், பனீரை நம்புகிறோம்: சிங்கப்பூர் வீட்டில் சீஸை எப்படி வைத்திருப்பது

செடார் கட்டியின் ஓரத்தில் ஐந்து காசு அகலத்துக்குப் பச்சையாகப் பூஞ்சணம் தெரிந்தால், பல வீடுகளில் முழுக் கட்டியும் குப்பைக்குப் போய்விடுகிறது. அதே ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், மூடாத எவர்சில்வர் கிண்ணத்தில், வெட்டிய பனீர் ஐந்து நாளாகக் கிடக்கும். வெள்ளையாகத்தான் இருக்கிறது, வாடையும் இல்லை என்று அது குழம்புக்குப் போகும். இந்த இரண்டில் நாம் அஞ்ச வேண்டியது பனீருக்கு. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிகிறது, பனீரில் பெருகும் கிருமி தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

முன்பெல்லாம் தமிழ்க் குடும்பத்துக்குச் சீஸ் என்றால் டின்னில் வரும் செடார், இல்லையென்றால் ரொட்டிக்கு நடுவில் வைக்கும் மஞ்சள் வில்லை. இன்று சாப்பாட்டுக் கடைச் சீஸ் பரோட்டாவில் தொடங்கிய பழக்கம் வீட்டுச் சமையலறைக்குள் வந்துவிட்டது. தோசைக்குத் துருவிய மொசரெல்லா, பாஸ்தாவுக்குப் பர்மேசான், சாலட்டுக்கு ஃபெட்டா, ஞாயிற்றுக்கிழமைக்குப் பனீர் என்று ஒரே ஃபிரிட்ஜில் நான்கைந்து வகை இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தட்டில், ஒரே விதமாக, பொட்டலத்தின் வாயை ரப்பர் வளையத்தால் கட்டி வைக்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சீஸ் என்ற ஒரே பெயருக்குள் குணம் வேறுபட்ட பல பொருள்கள் இருக்கின்றன.

ஈரம், உப்பு, புளிப்பு

ஒரு சீஸ் எத்தனை நாள் தாங்கும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு உப்பு இருக்கிறது, எவ்வளவு புளித்திருக்கிறது. குறைந்தது ஓராண்டு பழுக்க வைத்த பர்மேசானில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான் ஈரம். செடாரில் 39 விழுக்காட்டுக்குள் இருக்கும். பீட்சாவுக்கான ஈரம் குறைந்த மொசரெல்லாவில் பாதிக்குக் கொஞ்சம் முன்பின். ஃபெட்டாவில் 55 விழுக்காடு அளவில். பனீருக்கு இந்திய உணவுத் தரவிதி அனுமதிக்கும் உச்சவரம்பு 60 விழுக்காடு.

ஈரம் மட்டும் என்றால் ஃபெட்டாவும் பனீரும் அண்ணன் தம்பி. ஆனால் ஃபெட்டாவில் உப்பு மிகுதி, புளிப்பும் மிகுதி, கிடப்பதும் உப்புநீரில். செடார் செய்யும்போது பாலில் நல்ல பாக்டீரியாவைச் சேர்க்கிறார்கள். அது பாலின் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கிவிடுகிறது. அதனால் பிறகு வரும் கெட்ட கிருமிக்குத் தீனியும் குறைவு, இடமும் குறைவு. பனீரில் இது எதுவுமே இல்லை. சூடான பாலில் எலுமிச்சைச் சாற்றையோ சிட்ரிக் அமிலத்தையோ ஊற்றித் திரிக்கிறோம், வடிகட்டுகிறோம், அழுத்துகிறோம். உப்பு கிடையாது, காவல் காக்கும் பாக்டீரியா கிடையாது, புளிப்பும் லேசானதுதான். பால் சூடேறும்போது அதிலிருந்த கிருமிகளில் பெரும்பாலானவை செத்துவிடும் என்பது உண்மை. அதன் பிறகு துணியிலிருந்தும் கையிலிருந்தும் கத்தியிலிருந்தும் ஒட்டிக்கொள்ளும் கிருமிக்குப் போட்டியே இல்லாத விருந்து காத்திருக்கிறது என்பதும் உண்மை.

பனீர் 10 டிகிரியில் ஆறு நாள் வரை தாங்கும், ஆனால் மூன்றாம் நாளே புதுமை போய்விடும் என்பது பால்வளத் துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. சிங்கப்பூர்ச் சமையலறை மேடையில் அதற்கு ஒரு நாள்கூட இல்லை.

வாடை காட்டாத இரண்டு கிருமிகள்

முதலாவது லிஸ்டீரியா. மற்ற கிருமிகள் குளிரில் முடங்கிவிடும்போது இது 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். உப்பையும் ஓரளவு தாங்கும். உணவின் நிறமோ மணமோ மாறாது. நலமாக இருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் காய்ச்சலோடு போய்விடும். கருவுற்ற பெண்களுக்கு அப்படியல்ல. தாய்க்குச் சளிக்காய்ச்சல்போல வந்து போகும், ஆனால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். முதியவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் மூளைக்காய்ச்சல் வரை போகும். 1985இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பழுக்க வைக்காத மெக்சிகோ வகைச் சீஸால் 142 பேருக்கு லிஸ்டீரியா தொற்று ஏற்பட்டது. கருவிலிருந்த சிசுக்களையும் சேர்த்து 48 உயிர்கள் போயின. காரணமான சீஸ் மென்மையானது, ஈரமானது, வெள்ளை நிறத்தது. குணத்தில் நம் பனீருக்கு வெகு தொலைவில் இல்லை.

இரண்டாவது ஸ்டெஃபிலோகாக்கஸ். இது நம் மூக்கிலும் தோலிலும், விரலில் ஆறாத வெட்டுக்காயம் இருந்தால் அதிலும் குடியிருப்பது. உணவு 10 டிகிரிக்கு மேல் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். கிருமி கொதியில் சாகும், நஞ்சு சாகாது. குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. கெட்டுப்போன பனீரைக் கொதிக்க வைத்தால் லிஸ்டீரியா போய்விடும். முந்தின நாள் மேடையில் கிடந்தபோது உருவான நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி.

ஐரோப்பாவுக்கு எழுதிய குறிப்பு இங்கே பலிக்காது

சீஸைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வை என்பார்கள். அவர்கள் அறையின் வெப்பம் 18, 20 டிகிரி. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மின்விசிறி மட்டும் ஓடும் கூடத்தில் மதியம் 30, 31 டிகிரி. ஈரப்பதமோ ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல்.

இந்த ஈரப்பதம் என்ன செய்கிறது என்று அருகில் போய்ப் பார்க்கலாம். 4 டிகிரி குளிரில் இருந்த செடார் கட்டியைப் பிரித்து மேசையில் வையுங்கள். இரண்டே நிமிடத்தில் அதன் முகம் மங்கிப்போகும், பிறகு பொடிப்பொடியாக முத்துகள் கோக்கும், ஐந்து நிமிடத்தில் விரலை இழுத்தால் ஈரக்கோடு விழும். இது சீஸுக்குள்ளிருந்து வந்த தண்ணீர் அல்ல. நம் காற்றிலுள்ள நீராவி 24 டிகிரிவாக்கிலேயே பனியாகப் படியத் தொடங்கிவிடும். அதைவிட 20 டிகிரி குளிர்ந்த எந்தப் பொருளைக் கண்டாலும் அதன்மேல் படியும். அந்த ஈரத்தோடு கட்டியைத் திரும்பச் சுற்றி உள்ளே வைத்தால், காய்ந்து உப்பேறியிருந்த மேற்பரப்பு பூஞ்சணத்துக்கு நாற்றங்காலாகிவிடுகிறது. பத்து நாளில் பச்சை பிடிக்கும் பல கட்டிகளின் கதை இதுதான். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை.

இதற்கு வழி எளிது. முழுக் கட்டியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். வேண்டிய துண்டை மட்டும் வெட்டிக்கொண்டு மீதியை ஒரு நிமிடத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். வெட்டிய துண்டு குளிர் தணிய வேண்டுமென்றால் அதன் தாளைப் பிரிக்காமல் 20, 30 நிமிடம் வைத்தால் போதும். பனி தாளின்மேல் படியும், சீஸின்மேல் படியாது.

முதலில் ஃபிரிட்ஜைச் சோதியுங்கள்

சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்வது இது: குளிர்ப்பகுதி 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ், உறைபெட்டி கழித்தல் 18 அல்லது அதற்குக் கீழ். 5 முதல் 60 டிகிரி வரை கிருமி வேகமாகப் பெருகும் வெப்பம். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் திருகில் 1 முதல் 5 வரை, அல்லது 7 வரை எண்கள் இருக்கும். அவை டிகிரி அல்ல, குளிரூட்டும் வேகம். 4இல் வைத்திருக்கிறேன் என்பவர் வீட்டில் உண்மையில் 8 டிகிரி இருக்கக்கூடும்.

சில வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு)க் கிடைக்கும் ஃபிரிட்ஜ் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு, நடுத்தட்டில், இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காற்றின் வெப்பம் கதவு திறக்கும்போதெல்லாம் ஏறி இறங்கும். தண்ணீரின் வெப்பம்தான் உணவின் வெப்பத்துக்கு நெருக்கமானது. காலையில் கதவைத் திறந்த கையோடு பாருங்கள். 4க்கு மேல் இருந்தால் திருகை ஒரு படி கூட்டி, அடுத்த இரவும் இதையே செய்யுங்கள்.

எவ்வளவு கூட்டியும் இறங்கவில்லையென்றால் கதவைச் சுற்றியுள்ள ரப்பரைப் பாருங்கள். ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிப்போடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் நம் ஈரக்காற்று இருபத்து நான்கு மணி நேரமும் உள்ளே போகிறது என்று பொருள். இந்த ஊர் ஃபிரிட்ஜ் ரப்பரின் மடிப்பில் கறுப்பாகப் படியும் பூஞ்சணத்தையும் மாதம் ஒருமுறை சோப்புநீரில் துடைத்து உலர்த்துங்கள். சீஸைத் தொடும் கை முதலில் தொடுவது அந்தக் கதவைத்தான்.

சீஸுக்கு ஆகாத இடம் கதவுத் தட்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதுதான் முதலில் சூடாகும். காய்கறி இழுப்பறை ஈரம் காப்பது என்பதால் சீஸுக்கு நல்லது என்பார்கள். மூடிய டப்பாவுக்குள் இருந்தால் நல்லதுதான். மண் ஒட்டிய கொத்தமல்லிக் கட்டோடு சேர்ந்து திறந்தபடி கிடந்தால் கெடுதல், ஏனென்றால் லிஸ்டீரியாவின் சொந்த ஊரே மண்தான். பச்சை மீனும் கோழியும் எப்போதும் சீஸுக்குக் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். இன்னொன்று, சீஸின் கொழுப்பு வாடையைப் பஞ்சுபோல உறிஞ்சும். பாதி வெட்டிய வெங்காயம், கருவாடு, பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும் தட்டில் திறந்து வைத்த மொசரெல்லா மறுநாள் அந்த மணத்தோடுதான் தோசையில் உருகும்.

கட்டிச் சீஸைச் சுற்றும் விதம்

செடார், கௌடா, பர்மேசான் போன்ற கெட்டி வகைகளுக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று மேலே தேங்கும் ஈரம், மற்றொன்று ஃபிரிட்ஜின் வறண்ட காற்று. பனி கட்டாத வகை ஃபிரிட்ஜ் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குளிர்க்குழாயில் படியவைத்து வெளியேற்றிவிடும். மூடாத சீஸ் அதில் ஓரம் காய்ந்து வெடிக்கும். அதற்குப் பயந்து பிளாஸ்டிக் படலத்தில் இறுகச் சுற்றினால் வியர்வை உள்ளேயே நிற்கும், பூஞ்சணம் வரும், சில நாளில் பிளாஸ்டிக் வாடையும் ஏறும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு ஏற்பாடு வேண்டும்.

கேக் செய்யும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளே போதும். 200 கிராம் கட்டிக்கு 30 சென்டிமீட்டர் சதுரத் தாள். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். கட்டியின் வெட்டு முகத்தில் ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் காகிதத் துவாலையால் ஒற்றி எடுங்கள். தாளில் சுற்றி, ஓரங்களை மடித்து, பிரித்த தேதியைத் தாளின்மேல் எழுதி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். டப்பாவின் அடியில் மடித்த காகிதத் துவாலை ஒன்று கிடக்கட்டும். அது மிகை ஈரத்தை வாங்கிக்கொள்ளும், மூடி வறட்சியைத் தடுக்கும். வாரம் ஒருமுறை, அல்லது நனைந்ததாகத் தெரிந்தால் உடனே, தாளையும் துவாலையையும் மாற்றுங்கள். பழைய தாளிலேயே திரும்பத் திரும்பச் சுற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. அதில் கையின் அழுக்கும் பூஞ்சண வித்தும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். இப்படி வைத்தால் பிரித்த செடார் மூன்று, நான்கு வாரம் நன்றாக இருக்கும். பர்மேசான் அதற்கும் மேல்.

பர்மேசானிலும் முதிர்ந்த செடாரிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் பதற வேண்டாம். பல்லில் நறநறவென்று கடிபட்டால் அது பழுக்கும்போது புரதத்திலிருந்தும் கால்சியத்திலிருந்தும் உண்டாகும் படிகம், சுவையின் அடையாளம். பஞ்சுபோல் இருந்து விரலால் தேய்த்தால் கலைவதுதான் பூஞ்சணம்.

வில்லைச் சீஸ் இவ்வளவு கவனம் கேட்காது. அது உருக்கி, உப்புகள் சேர்த்துக் காய்ச்சி, தனித்தனி உறையில் வருவது. வெளிப்பையின் வாயை மூடி டப்பாவில் வைத்தால் போதும். டின் செடாரைத் திறந்த பிறகு டின்னிலேயே விடாமல் வேறு டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

பனீர்: வாங்குவதிலிருந்து சட்டிக்குள் போகும் வரை

தேக்காவில் சாமான் வாங்கப் போனால் பனீரைக் கடைசியாகக் கூடையில் போடுங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து பொங்கோலுக்கு ரயிலில் ஏறி, இறங்கி, பேருந்து பிடித்து, மின்தூக்கிக்குக் காத்து நின்று வீடு சேர ஒரு மணி நேரம் ஆகிவிடும். வழியில் காப்பி குடிக்க உட்கார்ந்தால் இன்னும் அரை மணி. குளிர்காப்புப் பையும் அதில் ஒரு உறைகட்டியும் இருந்தால் இந்தக் கவலை இல்லை. வெற்றிட உறையில் வரும் பனீர் உறையோடு ஒட்டியிருக்க வேண்டும். பை உப்பியிருந்தால் உள்ளே கிருமி வாயு உண்டாக்குகிறது, அதை வாங்காதீர்கள். உறைந்த பனீர்ப் பையின் உள்ளே வெண்பனித் துகள்கள் கொத்தாக இருந்தால் அது எங்கேயோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது என்று பொருள். அதையும் விட்டுவிடலாம்.

பிரித்த பனீரை இரண்டு நாளில் முடித்துவிடுங்கள், மூன்றாவது நாளைத் தாண்ட வேண்டாம். உறையில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. தண்ணீரில் போட்டு வைப்பது பழைய வழக்கம், பனீர் காய்ந்து ரப்பராகாமல் இருக்க உதவும். ஆனால் தண்ணீர் பனீரைக் காக்கிறது என்று நினைப்பது தவறு. ஒரு துண்டில் இருக்கும் கிருமி அந்தத் தண்ணீர் வழியாக எல்லாத் துண்டுக்கும் போகும். போடுவதானால் கொதித்து ஆறி, பிறகு ஃபிரிட்ஜிலேயே குளிர்ந்த தண்ணீரில், மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் இங்கே 27, 28 டிகிரி இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் பனீர் திரும்பக் குளிர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். துண்டை எடுக்க விரலை விடாமல் கரண்டியால் எடுங்கள். தண்ணீர் கலங்கினாலோ, துண்டு விரலில் வழவழத்தாலோ, ஓரம் மஞ்சளித்தாலோ, புளித்த வாடை வந்தாலோ கழுவிப் பார்க்க வேண்டாம், போட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. குளிர்பகுதியில் விற்கும் முழுக்கொழுப்புப் பாலைப் பயன்படுத்துங்கள். அட்டைப்பெட்டியில் வரும், ஃபிரிட்ஜ் தேவைப்படாத பால் மிக அதிகச் சூட்டில் பதப்படுத்தியது. அதைத் திரித்தால் கட்டியாகச் சேராது. ஒரு லிட்டரை 90 டிகிரி வரை காய்ச்சி, அடுப்பை அணைத்து, சற்றுத் தணிந்ததும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விடுங்கள். பச்சை நிறத் தெளிநீர் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள். வடிகட்டும் துணியை முன்கூட்டியே கொதிநீரில் பத்து நிமிடம் போட்டிருக்க வேண்டும். தவறு நடக்கும் இடம் அடுத்ததுதான். துணியில் கட்டி, மேலே அம்மிக்கல்லை வைத்து, ராத்திரி முழுக்கத் தொட்டி ஓரத்தில் விட்டுவிடுகிறார்கள். சூடு ஆறிய பனீர் எட்டு மணி நேரம் 28 டிகிரியில் கிடக்கிறது. ஆலைகளில் அழுத்தும் நேரம் நிமிடக் கணக்குதான், அடுத்து நேராகக் குளிர்நீர். வீட்டிலும் 2 முதல் 3 கிலோ எடையை 20 நிமிடம் வைத்தால் கட்டி சேர்ந்துவிடும். உடனே கொதித்து ஆறிய குளிர்நீரில் போட்டு ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் விட்டால் வெட்டும் பதத்துக்கு இறுகும். இன்னும் அழுத்த வேண்டுமென்றாலும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே அழுத்துங்கள்.

இரண்டு நாளில் முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே உறைபெட்டிக்கு அனுப்புங்கள். கெடப்போகிறதே என்று நான்காம் நாள் உறையவைப்பதில் பயன் இல்லை. உறைநிலை கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும். 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஈரத்தை ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். முந்தின இரவே குளிர்ப்பகுதிக்கு மாற்றி இளகவிட்டு, சமைக்கும் முன் உப்பிட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் மென்மை திரும்பும். குழம்பில் துண்டின் உட்புறமும் 75 டிகிரியைத் தாண்டுமாறு சூடேற வேண்டும்.

மற்ற மென்வகைகள்

உருண்டையாக நீரில் வரும் புது மொசரெல்லாவைப் பிரித்தால் அதன் நீரோடேயே வைத்து இரண்டு, மூன்று நாளில் முடிக்க வேண்டும். ரிக்கோட்டா ஒரு வாரத்துக்குள், க்ரீம் சீஸ் பத்து நாளுக்குள். க்ரீம் சீஸ் டப்பாவில் ரொட்டித்தூள் ஒட்டிய கத்தியை விடும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதி பூஞ்சணம் குறைந்துவிடும். ஃபெட்டாவின் உப்புநீரை வடித்துக் கொட்டிவிடாதீர்கள். தவறிக் கொட்டிவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 70 கிராம் உப்பைக் கரைத்து ஈடு செய்யலாம். வெறும் தண்ணீரில் போட்டால் இரண்டே நாளில் மேற்பரப்பு கரைந்து கூழாகும்.

ஃபெட்டாவையோ பனீரையோ பூண்டும் மூலிகையும் சேர்த்து எண்ணெயில் மூழ்கவைத்துப் புட்டியில் அடைப்பது இப்போது பலருக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. அலமாரியில் வைக்கவே கூடாது. பச்சைப் பூண்டு மண்ணில் விளைந்தது, எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை. போட்டுலிசம் என்ற கடும் உணவு நச்சுநோயைத் தரும் கிருமி நஞ்சு சுரக்க இதைவிட நல்ல இடம் வேண்டாம். செய்தால் சிறிய அளவில் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு, மூன்று நாளில் தின்று தீர்த்துவிடுங்கள்.

வெண்தோல் மூடிய பிரீ, கமம்பேர், நீலப்பூஞ்சணச் சீஸ் ஆகியவற்றைக் கருவுற்றவர்கள் ஆவி பறக்கச் சமைத்தால் ஒழியத் தொடாமலிருப்பது நல்லது, பதப்படுத்திய பாலில் செய்ததாக உறை சொன்னாலும் சரி. பழுக்கப் பழுக்க இவற்றின் புளிப்பு குறைந்துகொண்டே போகும், அது லிஸ்டீரியாவுக்கு வசதி. பிரீயில் அம்மோனியா நெடி லேசாக வந்தால் தாளைத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள். மூக்கைக் குத்தினால் காலம் கடந்துவிட்டது.

பூஞ்சணம் வந்தால்

கெட்டிச் சீஸில் வந்தால், பச்சை தெரியும் இடத்தைச் சுற்றியும் அடியிலும் குறைந்தது 2.5 சென்டிமீட்டர் விட்டு வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம். கத்தி பூஞ்சணத்தின் ஊடே போகக்கூடாது. போனால் வித்தையும் நஞ்சையும் நல்ல பகுதிக்குள் இழுத்துச் செல்லும். மேலோட்டமாகச் சுரண்டுவதும் போதாது, வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். முகர்ந்து பார்க்காதீர்கள், வித்து மூச்சில் ஏறும். மீதியைப் புதுத் தாளில் சுற்றி, டப்பாவைக் கழுவி உலர்த்தி வையுங்கள். கட்டியே 2.5 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் வெட்ட என்ன மிஞ்சும், எறிந்துவிடுவதுதான் முறை.

துருவியது, வில்லையாக வெட்டியது, பனீர், க்ரீம் சீஸ், ரிக்கோட்டா, புது மொசரெல்லா ஆகியவற்றில் ஒரு புள்ளி தெரிந்தாலும் மொத்தமும் போக வேண்டும். ஈரமான, நெகிழ்வான பொருளில் வேர் தடையின்றிப் பரவும். அதன் கூடவே பாக்டீரியாவும் பெருகியிருக்கும். சமைத்தால் தீரும் என்றும் எண்ண வேண்டாம், பூஞ்சண நஞ்சுகள் பலவும் சமையல் சூட்டில் அழிவதில்லை. பிரீயிலும் நீலச் சீஸிலும் இருப்பது தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். அதன்மேல் இளஞ்சிவப்போ கறுப்போ தெரிந்தால் அது அழையாமல் வந்தது.

துருவிய மொசரெல்லாவைப் பிரித்து ஒரு வாரத்துக்குள் முடிக்க முடியாதென்றால் உறையவைத்துவிடுங்கள். ஒரு பீட்சாவுக்கு வேண்டிய 150 கிராம் வீதம் தட்டையான பைகளாகக் கட்டினால் இளகவிடாமலே எடுத்துத் தூவலாம். செடாரும் உறையும், ஆனால் உள்ளே உருவாகும் பனிப்படிகம் புரத வலையை அறுத்துவிடுவதால் வெட்டினால் உதிரும். சமையலுக்கு ஆகும், ரொட்டிக்கு ஆகாது. பிரீயையும் க்ரீம் சீஸையும் உறையவைத்தால் நீர் பிரிந்து மணல்போல் ஆகிவிடும்.

விருந்து மேசையில்

தீபாவளித் திறந்த இல்ல விருந்திலும், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடக்கும் பிறந்தநாளிலும் இப்போது சீஸ் தட்டு வந்துவிட்டது. பனீர் டிக்கா, பழத்துண்டோடு குச்சியில் குத்திய செடார், வெள்ளரியோடு ஃபெட்டா. கணக்கு இதுதான். குளிரிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மீதியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கலாம். இரண்டைத் தாண்டி நான்குக்குள் என்றால் அப்போதே சாப்பிட்டு முடிக்க வேண்டும், திரும்ப வைக்கக்கூடாது. நான்கைத் தாண்டினால் குப்பை. கடையிலிருந்து வந்த நேரமும், சமையலறை மேடையில் காத்திருந்த நேரமும் இதில் சேரும். கீழ்த்தளத்தில் மதிய வெப்பம் 32ஐத் தாண்டும் நாளில் அந்த இரண்டு மணியை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், மென்வகைகளுக்கு அது கட்டாயம்.

ஒரே பெரிய தட்டை மூன்று மணி நேரம் வைப்பதற்குப் பதில் மூன்று சிறிய தட்டுகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே கொண்டுவாருங்கள். காலியாகும் தட்டின்மேல் புதியதைக் கொட்டி நிரப்பாமல் தட்டையே மாற்றுங்கள். எந்தத் தட்டு எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு சிறு தாளில் எழுதித் தட்டுக்கு அடியில் செருகிவிட்டால், விருந்தாளிகள் போன பிறகு எதை வைப்பது, எதை எறிவது என்று யாரும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.